பேசும் பேனா வாங்கிய வீடு

பதினைந்து நிமிடம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு ஓக் மல்சுன் கொடுக்கலாம் என்று கம்பெனி வகுத்த நேரம் அது. வாசலில் ஷூவைக் கழற்றுவது, போன வாரப் பயிற்சித் தாளைத் திருத்துவது, புதுத் தாளைக் கொடுப்பது, கிளம்பும்போது அம்மாவிடம் நல்லதாக ரெண்டு வார்த்தை சொல்வது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். அதற்குள்ளேயே அந்தப் பிள்ளைக்கு எழுத்தும் வந்துவிட வேண்டும். வராவிட்டால் டீச்சர் சரியில்லை என்று அர்த்தம். நேரம் பற்றவில்லை என்று யாரும் சொன்னதில்லை.

மல்சுன் தலைநகர் சியோலுக்கு வெகு தெற்கே இருக்கிற கொஜேத் தீவுக்காரர். வீட்டில் ஐந்தாவது பெண். இத்தோடு போதும் என்ற அர்த்தத்தில்தான் அப்பா அந்தப் பெயரை வைத்தார். பள்ளிக்கூடம் முடித்ததும் சிப்பி உடைக்கும் கொட்டகைக்குப் போனார். குளிர்காலம் முழுக்க நின்றுகொண்டே சிப்பியைப் பிளந்து சதையை எடுக்கிற வேலை. விரல் மரத்துப்போகும். கல்யாணம் ஆகி ஒரு பையன் பிறந்த பிறகு, வீடு வீடாகப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்ற விளம்பரத்தைப் பார்த்தார். டீச்சர் என்று கூப்பிடுவார்கள் என்பதற்காகவே சேர்ந்தார். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, கம்பெனி அவரை ஊழியராகவே கணக்கில் வைக்கவில்லை. சொந்தத் தொழில் செய்பவர் என்று எழுதியிருந்தது. பெட்ரோல் அவர் செலவு, காய்ச்சல் வந்தாலும் அவர் செலவு. மதியச் சாப்பாடு காருக்குள்தான். சிக்னலில் நிற்கும்போது கடற்பாசியில் சுருட்டிய கிம்பாப் சோற்றுத் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார், பச்சை விழுந்ததும் மென்றுகொண்டே போவார். லேஸ் வைத்த ஷூ அவரிடம் ஒன்றுகூட இல்லை. வாசலுக்கு வாசல் குனிந்து லேஸ் அவிழ்த்துக்கொண்டிருந்தால் நேரம் கட்டுப்படியாகாது.

அதே தீவில் ஒக்போ குன்றின் மேல் இருக்கிற அடுக்குமாடிகளில் பாதிக்கு மேல் அவர் வீடுகள். கீழே துறைமுகம், கப்பல் கட்டும் தளம். வீட்டு ஆண்களில் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் வேலை, அதுவும் ஒப்பந்தக்காரனுக்குக் கீழே. பொழுது விடியும் முன் போனால் இருட்டின பிறகுதான் வருவார்கள். அம்மாக்கள் சூப்பர் மார்க்கெட்டிலோ கான்டீனிலோ நின்றுவிட்டு வருவார்கள். மல்சுன் உள்ளே வந்து உட்கார்ந்ததும் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். இதைக் குற்றம் என்று சொன்னால் மல்சுனுக்குக் கோபம் வரும். நாள் முழுக்க அவளுக்குக் கிடைக்கிற ஒரே ஓய்வு அதுதான் என்பார். பிள்ளையை மடியில் வைத்துக் கதை படிக்கச் சொல்லிப் பெற்றோருக்கு அறிவுரை எழுதுகிறவர்கள், வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லி முதலாளிக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை.

கதைப் புத்தகத்துக்கு மட்டும் அந்த வீடுகளில் பஞ்சமே கிடையாது. பிள்ளை பிறந்ததும் புத்தகத்தை செட்டாக வாங்கிவிடுவார்கள். பழங்கதை அறுபது, உலகக் கதை அறுபது என்று கூடத்துச் சுவர் முழுக்க எண் வரிசையில் நிற்கும். ஒரு எண் இடம் மாறியிருந்தாலும் அம்மாவுக்குக் கண்ணில் குத்தும். அந்தப் புத்தகங்களை யாரும் அகலமாகத் திறக்கவும் மாட்டார்கள். பிள்ளை வளர்ந்த பிறகு செட்டைக் கை மாற்றி விற்க வேண்டுமே. முதுகு மடங்கியிருந்தால் விலை பாதியாகிவிடும். அதனால் பாதி திறந்து, எட்டிப் பார்த்து, மூடி, வரிசையில் வைப்பார்கள். கதை படிக்க அல்ல, கதை கெடாமல் பார்த்துக்கொள்ள வாங்கினது மாதிரி இருக்கும்.

அப்புறம் பேனா வந்தது. புத்தகத்தின் மேல் வைத்து அழுத்தினால் அந்தப் பக்கத்தைப் படிக்கும். நடுநடுவே மணி ஓசை, பறவைச் சத்தம், காற்றுச் சத்தம் எல்லாம் உண்டு. சியோல்காரர்கள் பேசுகிற சுத்தமான பேச்சு. அதை செட்டோடு சேர்த்து விற்கச் சொல்லிக் கம்பெனி டீச்சர்கள் தலையில் கட்டியது. மல்சுனும் விற்றார். அதில் ஒன்று உன்ஹோ வீட்டுக்குப் போனது.

உன்ஹோவுக்கு அப்போது ஐந்து முடியப் போகிறது. வருகிற மார்ச்சில் பள்ளிக்கூடம். அம்மா பாங் யூமி, கடைத்தெரு மருந்துக்கடையில் வேலை. அப்பா சொன் கிதே, கப்பல் தளத்தில் வெல்டர். வீட்டில் ஒரே பிள்ளை. பேனா வந்த சில மாதத்தில் பையன் வரி பிசகாமல் படிக்க ஆரம்பித்தான். அதிலும் அந்தப் பழங்கதை செட்டில் ஒரு புலிக் கதை. உறைகிற குளிரில் புலியை ஆற்றங்கரையில் உட்கார வைத்து, வாலைத் தண்ணீருக்குள் விட்டால் மீன் தானாக வந்து ஒட்டும் என்று முயல் ஏமாற்றுகிற கதை. ஏற்ற இறக்கத்தோடு படிப்பான். புலிக்குத் தனிக் குரல், முயலுக்குத் தனிக் குரல். முதல் முறை கேட்டபோது மல்சுன் கை தட்டினார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்ததில்லை என்று அம்மாவிடம் சொன்னார். அதைக் கிளை அலுவலகத்திலும் சொன்னார். டீம் லீடர் பியோ, மல்சுனைவிட இருபது வயது சின்னவர், உடனே பையனின் போட்டோவைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டினார். பாலர் பள்ளியிலும் விஷயம் தெரிந்து, பிப்ரவரி விழாவில் உன்ஹோ தனியாக மேடையேறிப் புலிக் கதையைப் படிப்பான் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள், நூலகத்தில் கழித்துக் கட்டிய புத்தகங்களில் மல்சுன் ஒரு மெல்லிய பழைய புத்தகத்தைப் பார்த்தார். அதே புலிக் கதை. ஆனால் வேறு பதிப்பகம், வேறு படம், பேனாவால் படிக்க முடியாதது. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குப் பரிசாக இருக்கட்டும் என்று உன்ஹோவுக்கு எடுத்து வந்தார்.

பையன் சந்தோஷமாகப் பிரித்தான். உடனே படித்தான்.

"நெடுங்காலத்துக்கு முன்பு, பனி மூடிய மலையொன்றில் பசித்த புலியொன்று வாழ்ந்து வந்தது. டிங்."

பக்கத்தைப் புரட்டினான்.

மல்சுன் புத்தகத்தைப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் மலையும் இல்லை, பனியும் இல்லை. அந்தப் புத்தகம் முயல் சந்தைக்குப் போவதில்தான் தொடங்குகிறது. பையன் கண் எழுத்தின் மேலேயே இல்லை, படத்தின் மேல் இருந்தது. அடுத்த பக்கம் இன்னொரு வாக்கியம், முடிவில் மறுபடியும் டிங். வேண்டுமென்றே மல்சுன் ரெண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினார். அவன் தடுமாறவே இல்லை. தன் வரிசைப்படி சொல்லிக்கொண்டு போனான். நடுவே காற்றடிக்கிற சத்தத்தையும் வாயால் ஊதினான்.

மல்சுன் புரட்டுவதை நிறுத்தினார். விரலை ஒரு சொல்லின் மேல் வைத்து, இது என்ன என்று கேட்டார். பையன் அவர் முகத்தைப் பார்த்தான். வழக்கமாகப் பெரியவர்கள் முகத்தில் பதில் இருக்கும். அன்று இல்லை.

"இதுக்கு இன்னும் பேனா வரலை டீச்சர்" என்றான்.

பொய் சொல்கிற பிள்ளை இல்லை அவன். படிப்பது என்றால் அதுதான் என்று நினைத்திருந்தான். அப்படி இல்லை என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. அந்த வீட்டில் ஒருவர் புத்தகத்தைப் பார்த்துப் படிப்பதை அவன் ஒரு நாளும் கண்ணால் கண்டதில்லை.

சொல்லாமல் விட்டிருக்கலாம். மார்ச் வரை ஓட்டியிருந்தால் பள்ளிக்கூடத்துத் தலையில் விழுந்திருக்கும். ஆனால் பிப்ரவரியில் மேடை இருக்கிறது. அங்கே நெருப்பில் நிற்கப் போவது பையன். வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே மல்சுன் விஷயத்தைச் சொன்னார்.

யூமி சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"அறுபது புக்கையும் படிக்கிறான் டீச்சர். ஒரு எழுத்து விடாம."

"மனப்பாடமா சொல்றான் உன்ஹோ அம்மா. எழுத்தை அவன் பார்க்கவே இல்ல."

"போன மாசம் நீங்கதானே கை தட்டுனீங்க?"

"ஆமா. நானும் ஏமாந்துட்டேன்."

"பேனாவை வித்ததும் நீங்கதான். அது நல்லதுன்னு சொன்னதும் நீங்கதான். இப்போ அதுவே கெட்டதா?"

பேனாவைக் கொஞ்ச நாள் எடுத்து வையுங்கள், ராத்திரி ஒரு கதையை நீங்கள் யாராவது படியுங்கள், விரலை வைத்துப் படியுங்கள், அவன் பார்க்கட்டும் என்று மட்டும் மல்சுன் சொன்னார். யூமியின் முகம் இன்னும் இறுகியது. நாங்கள் படித்தால் கெட்டுப்போகும், பேனா படிப்பதே போதும் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

மறுநாளே பியோ போனில் கூப்பிட்டார். அந்த வீட்டில் அடுத்த மாதத்திலிருந்து வேறு டீச்சர் கேட்கிறார்களாம். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் மல்சுன் திருப்பிக் கத்தியிருப்பார்.

"ஓக் டீச்சர், நம்ம போஸ்டர் பையன் வீடு அது. அவன் படிக்கிறானா ஒப்பிக்கிறானான்னு யாரு பார்க்கப் போறா? அம்மாவுக்குச் சந்தோஷம், நமக்கும் சந்தோஷம்."

"பள்ளிக்கூடத்துல அவனுக்குப் பக்கத்துல நீங்க உட்காரப் போறீங்களா டீம் லீடர்?"

பியோ போனை வைத்துவிட்டார்.

இதுதான் கடைசி முறை என்று நினைத்து அந்த வீட்டுக்குப் போன நாளில் கடல் காற்று காரையே ஆட்டியது. கிரேன் எல்லாம் நின்றுபோய், வெளி வேலைக்காரர்களைச் சீக்கிரமே அனுப்பியிருந்தார்கள். அதனால் கிதே வீட்டில் இருந்தான். தளத்துச் சாம்பல் நிற ஜாக்கெட்டைக் கழற்றாமல் அடியில் சூடேற்றிய தரையில் காலை நீட்டி, சர்க்கரைவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டிருந்தான். யூமி டீச்சருக்கு வணக்கம் சொன்னாள், மரியாதையில் குறை வைக்கவில்லை, சமையலறைக்குப் போய் முள்ளங்கி நறுக்க ஆரம்பித்தாள். கத்தி பலகையில் விழுகிற சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

கிதேவுக்கு நடந்தது முழுசாகத் தெரியாது. கிழங்கில் பாதியை டீச்சர் பக்கம் நகர்த்தினான். மல்சுன் அதை வாயில் போட்டுக்கொண்டே, பயிற்சித் தாளை ஓரமாக வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து புலிக் கதையை எடுத்து அவன் மடியில் வைத்தார். நீங்கள் படியுங்கள், நான் கேட்கிறேன் என்றார்.

கிதே சூடு பட்டவன் மாதிரிக் கையை இழுத்துக்கொண்டான். நான் வெல்டிங் அடிக்கிறவன், என்னிடம் இதைக் கொடுக்கலாமா என்றான். கப்பல் தளத்தில் கத்திக் கத்தித் தொண்டை அப்படியே ஆகிவிட்டது, படித்தால் பிள்ளை பயந்துபோவான் என்றான். புத்தக முதுகு மடங்கினால் இவள் என்னை மடக்கிவிடுவாள் என்று சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினான். தன் நேரம் போய்க்கொண்டிருப்பது மல்சுனுக்குத் தெரியும். புத்தகத்தை அகலமாகத் திறந்து, நடுவில் உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினார். முதுகு படக்கென்று சத்தம் போட்டது. சமையலறையில் கத்தி நின்றது.

இனிப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை கிதேவுக்கு. படித்தான். கண் பார்ப்பது ஒன்று, வாயில் வருவது ஒன்று. அச்சில் இருப்பது சியோல் பேச்சு. அவன் வாய்க்குள் நுழைந்ததும் அது ஒக்போப் பேச்சாகிவிடும். எந்த ஊர் ஆளுக்கும் அப்படித்தான்.

"முயலு சொல்லிச்சாம், 'யோவ், வாலை உள்ள விடும்யா. சும்மா ஆட்டாம ஒக்காரும். மீனு தானா வந்து ஒட்டும்.'"

உன்ஹோ தலையைத் தூக்கினான்.

"தப்புப்பா."

"என்னலே தப்பு?"

"முயல் அப்படிப் பேசாது. 'யோவ்' இல்ல."

"இங்க அப்படித்தான் போட்டிருக்கு."

"இல்ல. 'ஐயா'ன்னு இருக்கு."

"எங்க இருக்கு? காட்டுலே பாப்போம்."

கிதே வம்புக்குத்தான் கேட்டான். ஆனால் பையன் வாழ்க்கையில் முதல் முறையாகப் பக்கத்துக்குள் குனிந்தான். அப்பாவை மடக்க வேண்டும். அதற்கு ஆதாரம் அந்தத் தாளில்தான் இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை. விரலை வைத்து வரி வரியாக ஓட்டினான். மல்சுன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வாய் திறந்து உதவ ஆசை. திறக்கவில்லை.

விரல் ஒரு இடத்தில் நின்றது. 'ஐயா' அங்கே இல்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்த ஒரு எழுத்து இருந்தது. அவர்கள் மொழியில் புலி என்றால் ஹோராங்கி, அதன் முதல் எழுத்தும் அவன் பெயரின் கடைசி எழுத்தும் ஒரே ஹோதான்.

"இது என்னோட எழுத்து" என்றான். "இது எதுக்கு இங்க இருக்கு?"

"உன் எழுத்தை எவன்லே திருடினது? மிச்சத்தையும் பாரு" என்றான் கிதே.

பையன் அடுத்த எழுத்தைப் பார்த்தான். அதற்கடுத்ததைப் பார்த்தான். உதடு அசைந்தது. புலி என்று சொன்னான். பேனாவின் புலிக் குரலில் அல்ல. தன் குரலில், சந்தேகமாக.

"புலியேதாம்லே. பேரை உன்கிட்டேர்ந்து களவாண்டுட்டுப் போயிருக்கு."

அடுத்த வரியைக் கிதே இன்னும் மோசமாகப் படித்தான். இப்போது வேண்டுமென்றே. புலி கப்பல் தளத்து மேஸ்திரி மாதிரிப் பேசியது. பையன் தப்பு தப்பு என்று கத்திக்கொண்டே ஒவ்வொரு தடவையும் தாளைப் பார்த்தான். இந்தச் சத்தத்துக்கு நடுவில் சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"'ஐயா, தங்கள் வாலை நீருக்குள் விட்டு, அசையாமல் காத்திருங்கள். மீன்கள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.'"

அட்சர சுத்தம். கண்ணாடி மாதிரி. உன்ஹோ சுற்றிலும் பார்த்தான். பேனா அலமாரியில் அப்படியே இருந்தது.

"அம்மாகிட்ட இன்னொரு பேனா இருக்கா?" என்று கேட்டான்.

கிதேவும் திரும்பிப் பார்த்தான். எட்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவன், மனைவி இந்தக் குரலில் பேசி அவன் கேட்டதில்லை.

"ஏ, இது எங்கேர்ந்து வந்துச்சு?"

யூமி ஈரக் கையோடு வாசற்படியில் நின்றாள். அவள் கல்யாணத்துக்கு முன்னால் சியோலில் வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்கிற ஒரு ஆபீஸில் வேலை பார்த்தவள் என்பது வரைக்கும்தான் மல்சுனுக்குத் தெரியும். மிச்சத்தை அவள் அன்றுதான் சொன்னாள், யாரையும் பார்க்காமல், கையைத் துடைத்துக்கொண்டே. வாயைத் திறந்ததும் எந்த ஊர் என்று கேட்பார்களாம். ஒழுங்காகப் பேசுகிற ஆளிடம் போனைக் கொடு என்று ஒரு கிழவர் சொன்னாராம். சூப்பர்வைசர் அவளை ஒரு அறையில் உட்கார வைத்து, தினம் வேலை முடிந்த பிறகு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாராம், வாய் சியோல் வாயாகிற வரைக்கும்.

"நாள் முழுக்க அந்தக் குரல்லதான் பேசுவேன். ரூமுக்கு வந்தா வாயைத் தொறக்கவே பிடிக்காது. அம்மா போன் பண்ணா எடுக்க மாட்டேன். எடுத்தா அழுதுருவேன், ஊர்ப் பேச்சு வந்துரும், மறுநாள் மறுபடியும் முதல்லேர்ந்து." அவள் பையனைப் பார்த்தாள். "இவனுக்காவது அது வேணாம்னு பார்த்தேன் டீச்சர். பொறந்ததுலேர்ந்து சுத்தமா கேட்டா சுத்தமா வந்துருமேன்னு. அதான் நாங்க ரெண்டு பேரும் கதை படிக்காம வாயை மூடிக்கிட்டோம்."

அவள் பயந்தது சும்மா இல்லை என்பது கொஜேயில் பிறந்து சியோலுக்குப் பிழைக்கப் போன எவருக்கும் தெரியும். மல்சுன் ஆறுதல் சொல்லத் தெரியாதவர்.

"அந்தக் குரல் வேணுமானா அது அலமாரியிலேயே இருக்கு உன்ஹோ அம்மா" என்றார். "அதைத்தான் நான் உங்க கிட்ட வித்துட்டேனே. இங்க வந்து இந்தப் புலியைப் பிடிங்க. உங்க வீட்டுக்காரர் அதைக் கெடுத்து வச்சிருக்காரு."

யூமி வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் புத்தக முதுகைத்தான் முதலில் தடவிப் பார்த்தாள். அப்புறம் படித்தாள். முதல் வாக்கியம் சியோல் குரலில் வந்தது, பையன் உடனே படத்தைப் பார்க்கப் போய்விட்டான். ரெண்டாவதில் நாக்கு வழுக்கி ஊர்ப் பேச்சு கலந்தது. அம்மா நீயும் தப்பு என்று அவன் மறுபடியும் தாளுக்கு வந்தான். குளிர்ந்த தண்ணீரில் மீன் வாலைக் கடிக்குமா என்று புருஷனும் பெண்டாட்டியும் அடித்துக்கொண்டார்கள். கிதே கடிக்கும் என்றான். யூமி அவனுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும், தின்னத்தான் தெரியும் என்றாள். மல்சுனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்துப் போக வேண்டிய வீட்டு அம்மா. எடுக்கவில்லை.

கிளம்பும்போது அந்த வீட்டில் யாரும் நன்றி சொல்லவில்லை. யூமி ஷூவைத் திருப்பி வைத்தாள், மாட்ட வசதியாக. அடுத்த வாரமும் இதே நேரம்தானே என்று கேட்டாள்.

இதற்கு மேல் எல்லாம் சுலபமாக நடந்தது என்று எழுதினால் அது துண்டுப் பிரசுரமாகிவிடும். நடந்தது கஷ்டம். அறுபது புத்தகம் படிக்கிற பையன் ஒரே நாளில் ஒரு சொல் படிக்கிற பையனாகிவிட்டான். பக்கத்து வீட்டுக்காரி, உன்ஹோ இப்போதெல்லாம் படிக்கிற சத்தமே கேட்பதில்லையே என்று வெளிவாசலில் விசாரித்தாள். யூமி ரெண்டு நாள் பேனாவைத் திருப்பி எடுத்துக் கொடுத்தாள், மூன்றாம் நாள் வாங்கி வைத்தாள். கிதேவுக்கு ஓவர்டைம் வந்தால் வாரக்கணக்கில் கதை கிடையாது. வருகிற நாளிலும் நாலு வரிக்குள் குறட்டை விடுவான், பையன் அவன் விரலைப் பிடித்துத் தூக்கி அடுத்த சொல்லின் மேல் வைப்பான். புலிக் கதையின் முதுகு ரெண்டாகப் பிளந்து டேப் ஒட்டவேண்டி வந்தது.

மல்சுன் மற்ற வீடுகளிலும் ஆரம்பித்தார். கடைசி ஐந்து நிமிடம் அம்மாவோ அப்பாவோ தரையில் உட்கார வேண்டும், ஒரு பக்கமாவது படிக்க வேண்டும், எந்தப் பேச்சில் வேண்டுமானாலும். சில வீட்டில் உட்கார்ந்தார்கள். சில வீட்டில், அதற்குத்தானே உங்களுக்குப் பணம் கொடுக்கிறோம் என்றார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஒரு வீடு கை விட்டுப் போனது, அப்புறம் இன்னொன்று. பியோ அலுவலகத்துக்குக் கூப்பிட்டுப் பேசினார். மல்சுன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போகிற போக்கில் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுவரிலிருந்த உன்ஹோவின் போட்டோவைக் கழற்றிச் சுருட்டி எடுத்துப்போய்விட்டார்.

பாலர் பள்ளித் தலைமை டீச்சரிடம் உண்மையைச் சொன்னது யூமிதான். அவள் அதை மல்சுனிடம் ஒரு வரியில் சொன்னாள். தனியாகப் படிக்க மாட்டான், நானும் அவனும் சேர்ந்து படிக்கிறோம் என்று சொன்னாளாம். நிகழ்ச்சியை எடுத்துவிடலாமே, உங்களுக்கு ஏன் சிரமம் என்றார்களாம் அங்கே. அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, காரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, திரும்ப உள்ளே போய், எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

விழா அன்று மல்சுன் ரெண்டு வீட்டுக்கு நடுவில் ஓடி வந்து, கூடத்தின் கடைசியில் ஈரக்குடையோடு நின்றார். முன் வரிசையில் சாம்பல் ஜாக்கெட்டுகள். அதில் கிதே எது என்று முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

யூமி மேடையில் தரையிலேயே உட்கார்ந்தாள், பையனைப் பக்கத்தில் இழுத்து வைத்து. டேப் ஒட்டிய புத்தகத்தை அகலமாகத் திறந்தாள். மைக்கில் முதல் வாக்கியம் வந்ததும் பின்னால் ரெண்டு பேர் சிரித்தார்கள். ஊர்ப் பேச்சு, அச்சு அசலாக ஒக்போப் பேச்சு. யூமியின் குரல் ஒரு கணம் இறங்கியது. சியோல் குரலுக்கு மாறப் போகிறாள் என்று மல்சுன் நினைத்தார். மாறவில்லை. முயல் புலியை யோவ் என்று கூப்பிட்டபோது கூடமே சிரித்தது, அந்தச் சிரிப்பு வேறு.

அவள் படித்துக்கொண்டே போவாள், நடுவில் நிறுத்துவாள். பையன் விரலை வைப்பான். கூடம் காத்திருக்கும். புலி, என்பான். யூமி தொடர்வாள். மறுபடி நிறுத்துவாள். வால், என்பான். சில இடத்தில் சட்டென்று வந்தது, சில இடத்தில் இழுத்தது. ஒரு இடத்தில் விரல் நின்றது நின்றதுதான். யூமியின் உதடு பிரிந்து, மூடிக்கொண்டது. முன் வரிசையில் யாரோ நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"இது தெரியலைம்மா" என்றான் உன்ஹோ, மைக்கிலேயே.

"சரி, அது என்னுது" என்று யூமி அதைத் தானே படித்தாள்.

கதை முடிந்தது. புலியின் வால் பனியில் உறைந்து மாட்டிக்கொண்டது. எல்லாரும் கை தட்டினார்கள், தலைமை டீச்சரும் தட்டினார். மல்சுன் தட்டவில்லை. அவர் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

உன்ஹோ தானாகப் படித்த சொற்கள்: ஏழு.